இருட்டுப் படமும் அனலாக் கெயினும்

காஞ்சிபுரத்தில் பெரியப்பாவின் தறி இருக்கும் அறையில் வெளிச்சம் குறைவு. அவர் நெய்த அரக்குப் பட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பப் படமெடுத்தேன். ஒரே இருட்டு. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினால் சேலை முழுக்கப் புள்ளிகள்!

சென்சாரில் விழும் ஒளி மின்னழுத்தமாகிறது. அதை ஏ.டி.சி. எண்ணாக மாற்றுகிறது, 10 பிட் என்றால் 1024 படிகள். மங்கிய படம் அடியிலுள்ள சில படிகளோடு நின்றுவிடும். பிறகு பெருக்கினால், மாற்றும்போது கலந்த நாய்ஸும் சேர்ந்து பெருகும். எனவே எண்ணாகும் முன்பே பெருக்க வேண்டும். இதுதான் அனலாக் கெயின். கேமராவில் நீங்கள் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டும்போது பெரும்பாலும் இதுவே நடக்கிறது.

பல சிமாஸ் சென்சார்களில் இதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர்கூட வேண்டாம். சீராக மாறும் ஒரு மின்னழுத்தம் பிக்சலின் அளவைத் தொடும்வரை கவுண்ட்டர் எண்ணும். அது மாறும் வேகத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை இருமடங்கு! ஆனால் அளக்கக்கூடிய உச்சமும் பாதியாகிவிடும். ஐ.எஸ்.ஓ. 800ல் சேலை நன்றாக வந்தது. ஜரிகைதான் வெறும் வெள்ளைக் கோடாகிவிட்டது. பெரியப்பா ஒப்பவில்லை. ஜன்னலோரம் விரித்து 100ல் எடுத்தோம்.