கொம்பென்றால் சிகரமும்தான்

திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பேருந்தில் ஏறும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாறையைப் பாருங்கள். அடியில் கருங்கல், அதன்மேல் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிய மணற்கல். இரண்டும் ஒட்டுகிற கோட்டில் பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அதற்காகவே அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். மேலடுக்கின் வயதே நூறு கோடி ஆண்டுக்கு மேல். எந்த உயிருக்கும் எலும்பு முளைக்காத காலம். ஏழு மலைகளில் ஒன்று விருஷபாத்ரி, அதாவது காளை மலை. ஆனால் அதை எவ்வளவு குடைந்தாலும் கொம்பு அகப்படாது.

அகப்பட்டது மத்தியப் பிரதேசத்தில், சாத்பூரா பக்கத்து டென்வா பாறைகளில். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சாரதி சென்குப்தா, சாஸ்வதி பந்தோபாத்யாய், அர்ஜென்டினாவின் மார்ட்டின் எஸ்குரா மூவரும் 2017-இல் அந்தக் கொம்புக்குரிய விலங்குக்குப் பெயர் வைத்தார்கள்: சிருங்கசாரஸ் இண்டிகஸ். ரிஷ்யசிருங்கர் கதை தெரிந்தவர்களுக்கு முன்பாதி புரிந்துவிடும். சிருங்கம் என்றால் கொம்பு. சாரஸ் கிரேக்கத்தில் பல்லி. சிருங்கத்துக்குச் சிகரம் என்றும் பொருள் உண்டு. நம் 'கோடு' என்ற சொல்லும் அப்படித்தான்: விலங்குக்குக் கொம்பு, மலைக்கு உச்சி. திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிருங்கசாரஸ் டைனோசர் அல்ல. டைனோசர்களுக்கு முன்பே, ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன், இலைதழை மேய்ந்த ஊர்வன. நீளம் 3 முதல் 4 மீட்டர். நீண்ட கழுத்து, இலை வடிவப் பற்கள், கண்ணுக்கு மேலே இரண்டு கொம்புகள். குட்டியும் பெரிதுமாகக் குறைந்தது ஏழு விலங்குகளின் எலும்புகள் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. எல்லா மண்டையோட்டிலும் கொம்பு இல்லை என்பதுதான் சுவாரசியம். கொம்பில்லாதது பெண்ணாக இருக்கலாம், ஆண்கள் துணைக்காக முட்டி மோதியிருக்கலாம் என்கிறார்கள். பொங்கல் சமயத்தில் எந்தக் காளையைப் பார்த்தாலும் நம்பத் தோன்றும்.

கொம்புள்ள தாவரபட்சிணி என்றதும் பிள்ளைகள் சொல்வது ட்ரைசெரடாப்ஸ். பெயருக்கு 'முக்கொம்பு முகம்' என்று பொருள். திருச்சிக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம். அது வட அமெரிக்காவில் வாழ்ந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். சிருங்கசாரஸுக்குப் பதினேழு கோடி ஆண்டு இளையது, உறவும் தூரத்து உறவுதான். இருந்தும் அதே நெற்றியில் அதே கொம்பு. கொலராடோவில் கிடைத்த அதன் இரண்டு கொம்புகளைப் பார்த்த ஓத்னியல் மார்ஷ் என்ற பெரிய நிபுணரே, 1887-இல் அதை ஒரு காட்டெருமை என்று எழுதிவிட்டார். ட்ரைசெரடாப்ஸ் என்று அவரே பெயர் சூட்டியது இரண்டு ஆண்டு கழித்து.