அலமாரியில் உறங்கும் ஒலிநாடாக்கள்

பாலிங் வட்டாரத் தோட்டங்களை விட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பங்கள் பழைய கேசட்டுகளையும் கட்டி எடுத்து வந்திருப்பார்கள். திருவிழா உறுமி மேளம், கல்யாண வாழ்த்து, மறைந்த தாத்தாவின் பேச்சு. இவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

சில வீடுகளில் 1965 வாக்கில் அமெரிக்காவில் அறிமுகமான எட்டுத்தடக் கார்ட்ரிட்ஜும் இருக்கலாம். அதில் கால் அங்குல நாடா முடிவில்லா வளையமாகச் சுற்றியிருக்கும். சுருளின் நடுவிலிருந்து வெளிவந்து வெளிப்புறத்தில் மீண்டும் சேரும். பின்னோக்கிச் சுற்ற வழியில்லை. வளையத்தை இணைக்கும் உலோகத் தாளின் பசை காலப்போக்கில் காய்ந்துவிடும். நாடாவைத் தாங்கும் பஞ்சு பொடிந்துவிடும். இரண்டையும் மாற்றாமல் ஓட்டினால் ஒட்டு விட்டுப் போய் நாடா சிக்கிக்கொள்ளும். "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசைதான் பல நாடாக்களுக்கு எமன்!

நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் வேறு. வெள்ளையாகப் படர்ந்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் இயந்திரத்தில் போடக்கூடாது. அடுத்த நாடாவுக்கும் தொற்றும்.

கணினிக்கு மாற்ற, குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்பது அனைத்துலக ஒலி, ஒளிக் காப்பகச் சங்கத்தின் பரிந்துரை. அந்த முதல் பதிவில் கை வைக்காமல், நகலில்தான் இரைச்சலைக் குறைக்க வேண்டும். அளவுக்கு மீறித் துடைத்தால் தாத்தாவின் குரலும் தேய்ந்துவிடும்.

சிங்கப்பூர் 1979-இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கி, நாடாவில் பதிந்த பேட்டிகளைப் பின்னர் மின்னிலக்கமாக்கியது. நாடா ஓட்டும் இயந்திரங்கள் அருகி வருவதாக யுனெஸ்கோ 2019-இல் எச்சரித்தது. ஓடும் நிலையில் ஒரு கேசட் ரெக்கார்டர் வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.