பருமனுடலும் வைரசு நோயும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு போசணை நோக்கு

2009ஆம் ஆண்டின் எச்1என்1 இன்புளுவென்சாப் பரவலின்போது, பருமனுடலுடையோரை நோய் கடுமையாகத் தாக்குவது மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. 2020இற் கொவிட்-19 அதனை மேலும் உறுதிப்படுத்தியது. வயிற்றுக் கொழுப்பு பிரிமென்றகட்டை மேல்நோக்கி அழுத்துவதாற் சுவாசப்பை முழுமையாக விரிவதில்லை. கொழுப்பிழையத்திலிருந்து இடையறாது வெளிவரும் அழற்சிப் பதார்த்தங்கள் நிர்ப்பீடனத் தொகுதியின் ஒழுங்கைக் குலைக்கின்றன. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பெரும்பாலும் உடன் நிற்கின்றன. ஆசியரிடையே உடற்திணிவுச் சுட்டி 23ஐ எட்டும்போதே இடர் கூடத் தொடங்குவதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று 2004இற் சுட்டிக்காட்டியது.

இத்தகையோர் பலரிடம் விற்றமின் 'டி' குறைந்து காணப்படுகின்றது. கொழுப்பிற் கரையும் அவ்விற்றமின் கொழுப்பிழையத்திலே தங்கிவிடுவது அதற்கொரு காரணமாகும். எனவே, அதனை ஊட்டினால் நோய் தணியுமென எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும், பிரேசிலில் 240 கொவிட் நோயாளரிடம் நிகழ்த்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், ஒரே தடவையிற் கொடுத்த இரண்டு இலட்சம் அலகு விற்றமின் 'டி' வைத்தியசாலையில் தங்கும் காலத்தைக் குறைக்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வெளியான, 214 பேரைக் கொண்ட ஆய்வில், நாகமும் விற்றமின் 'சி'யும் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. குறைபாட்டைக் கண்டறிந்து நிரப்புவது முறையான பராமரிப்பு. குளிசையை நோய்தீர்க்கும் மருந்தென நம்புவது தவறு. நாகம் நெடுநாள் மிகுந்தால் உடலிற் செம்பு குறையும் என்பதும் நினைவிருத்தற்குரியது.

பருமனான உடலிலும் போசணைக் குறைபாடு உண்டு. காய்ச்சலின்போது தசை கரைகின்றது. கொழுப்பின் மறைவில் அவ்விழப்புக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, 'உடம்பு குறையட்டும்' என நோயாளியைப் பட்டினியிடுதல் தீங்காகும். கற்பிட்டி, உடப்பு, சிலாபம் ஆகிய கரைகளிற் கிடைக்கும் சாளை போன்ற சிறுமீன்கள் புரதத்தையும் ஓரளவு விற்றமின் 'டி'யையும் ஒருங்கே தருவன. பருப்பும் முட்டையும் முருங்கையிலையும் அவற்றுக்குத் துணையாகும். கருவாட்டின் உப்பு மட்டும் குருதியமுக்கமுடையோருக்கு ஆகாது. டெங்குவாயின், அளவறிந்து நீராகாரம் கொடுப்பதும் வைத்தியக் கண்காணிப்புமே உயிர்காப்பன. பப்பாசியிலைச் சாறு அவற்றுக்கு ஈடாகாது.

2020 டிசம்பரிற் கேகாலையில், தேன் கலந்த பாணியொன்றுக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அச்சத்திலிருக்கும் மக்களை அறியாமையுடையோரெனப் பழிப்பது எளிது. ஆனால், 2022இல் மண்ணெண்ணெய் தட்டுப்பட்டபோது, மீன்பிடிப் படகுகள் பல கரையிலே கிடந்தன; உணவு விலையோ கட்டுக்கடங்காது ஏறியது. பாணும் சீனித் தேநீருமே மலிவாக வயிற்றை நிரப்புமாயின், உடல் பருத்தும் போசணை மெலிந்தும் போவதில் வியப்பில்லை. மீனவன் வலையில் விழுந்த மீன் அவன் வீட்டுச் சட்டிக்கும் வந்துசேர வழிசெய்யாத சுகாதாரத் திட்டம், குளிசைப் போத்தலுக்கே சந்தை தேடித்தரும்.