மண்மேல் கண்ணாடி படர்வது எப்படி?

தோட்ட அதிபர் லிம் நீ சூனின் ரப்பர், அன்னாசித் தோட்டங்கள் இருந்த சிங்கப்பூரின் ஈசூனில் இன்று அடுக்குமாடி வீடுகள். பால்மரம் வெட்டிய காலத்தில், ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளை ஜூரோங் பக்கத்து டிராகன் சூளைகள் எனும் நீண்ட விறகுச் சூளைகள் சுட்டுக் கொடுத்தன. அவற்றில் ஒன்று ஜாலான் பஹார் அருகே 1940இல் கட்டப்பட்ட தோ குவாங் சூளை. அங்கே விறகில் வெந்த பானைகளில், யாரும் பூசாமலே பச்சையும் பழுப்புமாக மெருகு வழிந்து நிற்கும். ஏன்?

மெருகு என்பது கண்ணாடிதான். களிமண்ணில் உள்ள, கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா தனியே உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். விறகுச் சாம்பலின் கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்தால், 1,250 டிகிரி அளவிலேயே இளகிவிடும். சாம்பல் தீயோடு பறந்து பானையின் நெருப்பு பார்த்த பக்கத்தில் படிகிறது. அங்கேதான் மெருகும் தடிக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் இதையே தராசில் நிறுத்துச் செய்கிறார். பிரிட்டிஷ் குயவர் பெர்னார்ட் லீச்சின் பெயரோடு வழங்கும் கலவை எளிது: ஃபெல்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, வெண்களிமண் 10. இது சுமார் 1,280 டிகிரி கேட்கும். கலவையில் உள்ள அலுமினாதான் உருகியதை ஓடவிடாமல் பிடிக்கிறது; அது குறைந்தால் மெருகு வழிந்து, பாத்திரம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும், முகக்கவசம் கட்டாயம். தண்ணீர் விட்டுக் கரைத்து, நுண்சல்லடையில் வடித்து, ஒருமுறை சுட்ட பாத்திரத்தைச் சில விநாடி முக்கி எடுங்கள். அடியை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

நிறம்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. துளி தாமிர ஆக்சைடு சேர்த்தால், காற்று தாராளமாக உள்ள மின்சூளையில் பச்சை வரும். அதே தாமிரம் புகை அடைத்த சூளையில் ஆக்சிஜனை இழந்து சிவக்கும்.