மணிக்கு 133 கிலோமீட்டரில் ஒரு கம்பித்துண்டு

சீரற்ற இயக்கத்துக்குப் பள்ளிப் புத்தகம் காட்டும் உதாரணம் பஸ். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் சுமார் 20 கிலோமீட்டர். 40 நிமிடத்தில் வந்து சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 30. வழியில் டிரைவர் முன்னாலுள்ள முள் 60-ஐத் தொட்டிருக்கும், ஸ்டாப்பில் பூஜ்யத்திலும் படுத்திருக்கும். முள் காட்டுவது கணநேர வேகம். எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம். அவ்வளவுதான் பஸ் பாடம்.

வேடசந்தூர்ப் பக்கம் இதைவிட நல்ல உதாரணம் நூற்பாலைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் ஒவ்வொரு ஸ்பிண்டிலைச் சுற்றியும் (சுழலும் தண்டு) ஓர் எஃகு வளையம். அதன் விளிம்பில், நகத்தில் பாதிகூட இல்லாத வளைந்த கம்பித்துண்டு ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் டிராவலர். முன் உருளையிலிருந்து இறங்கும் நூல் இதற்குள் புகுந்துதான் ஸ்பிண்டிலின் மேல் உருவாகும் நூல்கண்டான காப்பில் சுற்றுகிறது. டிராவலருக்கென்று மோட்டார் கிடையாது. நூல் இழுக்க, அது ஓடுகிறது.

ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று, நூல் வரத்து நிமிடத்துக்கு 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வந்த நூல் காப்பில் ஏறவேண்டுமானால் டிராவலர் ஸ்பிண்டிலைவிடக் கொஞ்சம் பின்தங்கியே ஆகவேண்டும். எவ்வளவு என்பதைக் காப்பின் பருமன் தீர்மானிக்கும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடத்தில் சுமார் 287 சுற்று குறையும். 36 மில்லிமீட்டர் இடத்தில் 159 சுற்றுதான். வளையத்தைத் தாங்கும் ரெயில் ஏறி இறங்கும்போது நூல் பருமனான இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் மாறி மாறிப் போவதால், டிராவலரின் வேகமும் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளியின் கண்ணுக்கு அது வெறும் மினுக்கம்.

வளையத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் டிராவலரின் வேகம் நொடிக்கு 37 மீட்டர், அதாவது மணிக்கு 133 கிலோமீட்டர். ஆனால் ஒரு முழுச் சுற்று முடிந்தால் புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடுகிறது. வளையத்தை வைத்துப் பார்த்தால் இடப்பெயர்ச்சி இல்லை. அந்தச் சுற்றின் சராசரித் திசைவேகம் பூஜ்யம். கணநேரத் திசைவேகமோ திசையை விடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வேகம் கூடாவிட்டாலும் திசை மாறினாலே முடுக்கம் உண்டு. இங்கே அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 7,000 மடங்கு! 40 மில்லிகிராம் டிராவலர் வளையத்தைக் கால் கிலோ எடைக்கு மேலாக அழுத்தும்.

அந்த அழுத்தத்தில் உராய்வு, உராய்வில் சூடு. டிராவலர் தேய்ந்து கருகுவதால்தான் அதை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஸ்பிண்டிலை இன்னும் வேகமாகச் சுற்ற மோட்டாரால் முடியும். தடுப்பது இந்தக் கம்பித்துண்டின் சூடுதான்.