மரம் மாறினால் முறையும் மாற வேண்டும்!

படகு கட்டுவது என்றால் பலகையை அடுக்கி ஆணி அடிப்பதுதானே என்று கரையில் நின்று பார்ப்போர் நினைக்கின்றனர். ஓடாவியைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! எந்த மரம் கையில் கிடைத்ததோ, அதுவே எந்த முறை என்பதையும் முடிவு செய்யும் என்பார் அவர்.

சென்னைக்குத் துறைமுகம் எழும்பாத காலம். கப்பல்கள் கரைக்கு எட்டாத தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கவர்னர் துரை ஆனாலும் சரி, சரக்கு மூட்டை ஆனாலும் சரி, கரை சேர்த்தது மசூலா படகுதான். அதில் வங்குக் கட்டைகள் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். இது அறியாமையா? அல்ல, அனுபவம் தந்த அறிவு! விறைத்து நிற்கும் படகை அலை பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்தது. மாமரம் போன்ற மலிவான மரமே அதற்குப் போதுமானதாயிருந்தது. பலகை கெட்டால் தையலைப் பிரித்து வேறு பலகை வைத்தார்கள்.

ஆனால், பாரம் சுமந்து கொழும்புக்குப் போகும் தூத்துக்குடித் தோணிக்கு அது ஆகுமா? ஆகாது. அதற்கு ஏரா வேண்டும், வங்கு வேண்டும், ஆணியைக் கெட்டியாகப் பிடிக்கும் உறுதியான மரம் வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிக்க வேண்டும். மென்மரத்தில் ஆணி அடித்தால், அலை ஆட்ட ஆட்ட ஆணித்துளை அகலும், தண்ணீர் புகும். முறையை மாற்றிவிட்டு மரத்தை மாற்றாதவன் கண்ட பலன் அதுதான்!

1980-களில் குமரிக் கரையில் மற்றொரு மாற்றம் வந்தது. பெரிய மரங்கள் அரிதாயின, விலை ஏறியது. பிளைவுட் எனும் ஒட்டுப்பலகை வந்தது. அதன் ஓரங்களைச் செப்புக் கம்பியால் தைத்து, கண்ணாடி இழையும் ரெசினும் பூசி இணைத்தார்கள். கயிறு போய்க் கம்பி வந்தது. தையல் மட்டும் திரும்பி வந்தது! பழைய கைவேலையை ஏளனம் செய்தோர் இதைக் கண்டு என்ன சொல்வர்?

இங்கேதான் எச்சரிக்கை தேவை. வீட்டு அலமாரிக்குச் செய்த பலகையும் கடலுக்குச் செய்த பலகையும் மேல்பார்வைக்கு ஒன்றே. உப்பு நீர் பட்டதும் ஒன்று அடுக்கடுக்காகப் பிரியும். கடல் பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற தர முத்திரை உண்டு. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக்கூடாது என்பது அதன் சோதனை. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அறுத்த ஓரத்தை ரெசின் பூசாமல் விடாதீர்கள். பலகையில் மிச்சம் பிடிப்பவன் கரையில் இருக்கிறான்; பலகை பிரியும்போது கடலில் இருப்பவன் தொழிலாளி!

2004 ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் பெருகின. உளி பிடித்த கைகளுக்கு வேலை குறைந்தது. பொருள் மாறட்டும், முறையும் மாறட்டும். ஆனால் படகுக்கடன் தரும் கை, புதுமுறையை ஓடாவிக்குக் கற்றுத்தரவும் நீளவேண்டும். அலையின் குணம் அறிந்த கையை ஒதுக்கிவிட்டுக் கட்டும் படகை நம்பி எவன் கடலில் இறங்குவான்?