நடை சாத்தும் நேரம்

கூட்டிப் போகிறவர்கள் – 7

காஞ்சிபுரத்துக்கு நாற்பது பேரை அழைத்து வரும் டூர்காரருக்குத் தல புராணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நடை சாத்தும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் மூன்று கோயில்களிலும் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது மாலை நான்கு மணிக்குத்தான்.

சென்னையிலிருந்து சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். நோட்டீஸில் 'காலை 6 மணிக்குப் புறப்பாடு' என்று போட்டால் பஸ் நகர ஏழாகிவிடும். பூந்தமல்லியில் ஏறுகிறவருக்காகப் பத்து நிமிடம், டிபனுக்கு முக்கால் மணி. ஊருக்குள் நுழையும்போது ஒன்பதரை, பத்து. கையில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். அதற்குள் மூன்று பெரிய கோயில் என்று அச்சடித்துக் கொடுத்தவர், அன்று காலை முழுக்க வயதானவர்களை விரட்டிக்கொண்டே இருப்பார்.

விவரம் தெரிந்தவர் காலையில் இரண்டு கோயிலோடு நிறுத்திக்கொள்வார். அதில் வரதர் கட்டாயம் இருக்கும். அத்திகிரியின் மேல் இருக்கிற பெருமாளைப் பார்க்க 24 படி ஏற வேண்டும், பிறகு தங்கப் பல்லிக்குத் தனி வரிசை. கால் தெம்பாக இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது. சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் வரதருக்கும் பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் ஏகாம்பரநாதருக்கும் நடுவே நான்கைந்து கிலோமீட்டர். முகூர்த்த நாளில் அந்தத் தூரத்தைக் கடக்கவே அரை மணி நேரம் பிடிக்கும். ஏகாம்பரநாதரையும், ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதரையும் நான்கு மணிக்குமேல் வைத்துக்கொண்டால் சாய்ந்த வெயிலில் மணற்கல் சிற்பங்களை நின்று பார்க்கலாம்.

சரி, பன்னிரண்டரையிலிருந்து நான்கு வரை நாற்பது பேரை என்ன செய்வது? இந்த மூன்றரை மணி நேரத்தில்தான் இந்த ஊரின் டூர் பொருளாதாரமே இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மீதி நேரத்துக்குக் காந்தி ரோடு பட்டுக்கடை. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவருக்கும் கைடுக்கும் கமிஷன் தருகிற கடைகள் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கமிஷன் கடைக்காரரின் கையிலிருந்து போவதில்லை, சேலை விலையில் ஏறிவிடும். டூர் கட்டணம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மிச்சத்தை எங்கே எடுக்கப்போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களும் இதே ஊரில் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அழைத்து வந்தவரின் கடமை.

நேர்மையான டூர்காரர் அந்த நேரத்தில் பாதியைப் பிள்ளையார்பாளையம் பக்கம் தறி பார்க்க ஒதுக்குவார். ஆனால் நெசவாளர் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் நுழைய முடியாது. தறியைச் சுற்றி எட்டு பேர் நின்றாலே இடம் முடிந்தது. முன்னாடியே பேசி வைத்து, எட்டெட்டுப் பேராக ஐந்து வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். வேலை கெடுகிற நேரத்துக்கு அந்த வீட்டுக்காரருக்கு ஒரு தொகையும் கொடுத்துவிட வேண்டும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, இழைக்கு இழை பின்னிக்கொள்வதையும், அதற்கு இன்னொரு ஆள் கூட உட்கார்ந்து கை கொடுப்பதையும் கால்மணி நேரம் பார்த்தவர், கடையில் பேரம் பேசுகிற தோரணையே மாறிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். பஸ் வாடகை, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏறுகிறவர் நாற்பதோ இருபதோ, இந்தத் தொகை மாறாது. டிபன், சாப்பாடு, தண்ணீர் பாட்டில் வகையில் தலைக்கு 350. நாற்பது பேரால் வகுத்தால் தலைக்கு 950 ரூபாய் அடக்கம். அனுபவமில்லாதவர் இதையே அடிப்படையாக வைத்து விலை போட்டுவிடுவார். கடைசி நேரத்தில் எட்டு பேர் 'வரலை' என்றால் வசூல் 30,400, செலவு 35,200. கைக்காசு 4,800 போயிற்று. பழகியவர் முப்பத்திரண்டு பேர்தான் வருவார்கள் என்று கணக்கிட்டு 1,100 ரூபாய் வைப்பார். முப்பத்திரண்டில் கை நஷ்டமில்லை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொருவராலும் 750 ரூபாய் நிற்கும். நாற்பதும் நிரம்பினால் 6,000. ஒரு நாள் ஓட்டத்துக்கு அதுதான் அவர் சம்பளம். திரும்பக் கிடைக்காத முன்பணம் கேட்கிறார்களே என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கையில் இல்லாத தலைகளை நம்பி வாக்குக் கொடுப்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம். 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் கூட்டிப்போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம் அது. ரயில் அவருடையதல்ல. இத்தனை பேரைக் கொண்டு வருகிறேன் என்ற பேச்சுதான் அவர் போட்ட முதல்.

இன்று அந்தப் பேச்சுக்குப் பெயர்ப் பட்டியலும் வேண்டும், அங்கேதான் சிக்கல். காஞ்சிபுரத்திலிருந்து காசிக்கு நாற்பது பேரைக் கூட்டிப்போக நினைக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரயில் டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது, ஆக ஏழு டிக்கெட். முன்பதிவு திறப்பது 60 நாளுக்கு முன்; 2024 நவம்பர் வரை அது 120 நாளாக இருந்தது. தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் பதிவு செய்ய முடியாது என்று 2025 ஜூலையில் விதி வந்துவிட்டது. ஆகவே கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு வழியில்லை. பெரிய குழுவாக இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் ஒரு பெட்டியையே எடுக்கலாம். அதற்குப் பெட்டிக்கு 50,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், குறைந்தது 30 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். தனி டிக்கெட் எடுத்த ஒருவர் வரமுடியாமல் போனால் அவர் குடும்பத்தார் பெயருக்கு மாற்றலாம், பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கு முடியாது.

திருப்பதியில் இன்னும் இறுக்கம். 300 ரூபாய் தரிசன டிக்கெட் ஆளின் அடையாள அட்டையோடு கட்டிப் போட்டது. மாநிலச் சுற்றுலாக் கழகங்களுக்குத் தந்துவந்த ஒதுக்கீட்டையும் 2024 நவம்பரில் தேவஸ்தானம் ரத்து செய்ய முடிவெடுத்தது. அந்த ஒதுக்கீட்டை நம்பி ஓடிய ஒரு நாள் பேக்கேஜ்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. பஸ்ஸும் ரூமும் நம் கையில் இருந்தாலும் தரிசனம் பிறர் கையில் இருக்கிறது என்பதை அந்த முடிவு எல்லோருக்கும் காட்டிவிட்டது.

அதைவிடப் பெரிய பாடம் காஞ்சிபுரத்திலேயே நடந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம். 1979-க்குப் பிறகு அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய பெருமாளைப் பார்க்க ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்பது கணக்கு. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்று எங்கிருந்தோ கிளம்பிய டூர் பஸ்களுக்கு ஊருக்குள் இடமில்லை. ஒலிமுகமதுபேட்டை, ஓரிக்கை என்று வெளியே தற்காலிக நிலையங்களில் இறக்கிவிட்டார்கள், அங்கிருந்து சிற்றுந்து. 'கோயில் வாசலில் இறக்கிவிடுவோம்' என்று சொல்லிக் கூட்டி வந்தவர்களின் வாக்கு அங்கேயே முடிந்துபோனது. ஜூலை 18 அன்று நெரிசலில் 4 பேர் இறந்தார்கள். முதியவர்களும் கர்ப்பிணிகளும் வருவதைத் தவிர்க்கும்படி நிர்வாகம் கேட்டுக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் ஆளைத் தொலைக்காமல் திரும்ப உதவுவது அலங்கார பேக்கேஜ் அல்ல, சாதாரண ஏற்பாடு. நாற்பது பேரை ஒருவரே எண்ணக் கூடாது. எட்டு பேருக்கு ஒரு தலைவர் என்று ஐந்தாகப் பிரித்து, அந்த எட்டு பேருக்கு அவரையே பொறுப்பாக்க வேண்டும். நன்றாக வாய் பேசுகிற ஒரு அக்காவைப் போட்டால் வேலை சுலபம். பஸ் நம்பரையும் நிறுத்திய இடத்தையும் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வைக்க வேண்டும். நெரிசலில் செல்போன் எடுக்காது என்பதால், பிரிந்தால் எங்கே கூடுவது என்பதை இறங்கும் முன்பே ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியலில் வீட்டார் போன் நம்பரும், சாப்பிடுகிற மாத்திரையும் இருக்க வேண்டும். பல நாள் பயணமானால் முன் வரிசை சீட்டைத் தினமும் மாற்றிக்கொடுக்க வேண்டும். டூரில் வெடிக்கிற சண்டைகளில் பாதி ஜன்னலோர சீட்டில் ஆரம்பிப்பவை.

அரசே ஆட்களைக் கூட்டிப்போகும்போதும் சூத்திரம் இதேதான். அறநிலையத் துறை 2022-23-இல் ராமேஸ்வரம்–காசி ஆன்மிகப் பயணத்துக்கு 200 பேரை அழைத்துச் சென்றது. இருபது மண்டலம், மண்டலத்துக்குப் பத்து பேர் என்றுதான் பிரித்தார்கள். 60 முதல் 70 வயது, உடல் தகுதிச் சான்று என்று நிபந்தனையும் வைத்தார்கள். யாரை ஏற்றுவது என்பதிலேயே பாதி நிர்வாகம் முடிந்துவிடுகிறது.

உங்கள் தெருவில் யாராவது டூர் போடுகிறேன் என்று வந்தால், எத்தனை கோயில் என்று கேட்காதீர்கள். அந்த எண்ணிக்கை கூடக்கூட உங்கள் சாமி தரிசனம் சுருங்கும். எத்தனை மணிக்கு எங்கே இருப்போம், ஆள் குறைந்தால் பஸ் கிளம்புமா, பணம் எவ்வளவு திரும்பும், கடையில் எத்தனை நேரம் நிற்போம் என்று நான்கு கேள்வி கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்கலாம்.

அடுத்த வாரம்: அரிசி மூட்டை, காஸ் அடுப்பு, சமையல்காரர் சகிதம் காசிக்குப் போகிறவர்கள்.

(தொடரும்)